தள்ளி நில் என்று இரண்டாம் முறை கேட்டவர்கள்

பெருந்தொற்று, முதுமை, தலைமுறைத் தோழமை: நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இன்று மார்ச் 10. சாவித்திரிபாய் புலே மறைந்த நாள். கொரோனாக் காலத்தில் நாம் இழந்த மூத்தவர்களை நினைவுகூர இந்த நாளை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சற்று நேரத்தில் சொல்கிறோம்.

நினைவுச் சொற்பொழிவு என்றால் வழக்கமாக மேடையில் ஒரு தலைவரின் படம் இருக்கும். இன்று அப்படி ஒரு படம் இல்லை. 2020லும் 2021லும் அரசின் மாலைநேர அறிக்கையில் வயது, பாலினம், மாவட்டம், இணைநோய் என்று ஒற்றை வரியாக வந்து போனவர்களுக்காக நாம் கூடியிருக்கிறோம். அந்த அறிக்கையைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நம்மில் பலர் என்ன செய்தோம்? முதலில் வயதைப் பார்த்தோம். எழுபது என்றிருந்தால், சர்க்கரை நோய் என்றும் சேர்த்துப் போட்டிருந்தால், நமக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. 'வயசானவங்கதானே' என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போனோம். அடுத்தவரைக் குற்றம் சொல்வதற்கு முன் இதை நாமே ஒப்புக்கொண்டு தொடங்குவது நல்லது.

இந்த உரையில் நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். முதியவர்களைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் பெருந்தொற்றுக் காலத்தில் வயதை மட்டும் பார்த்தார்கள். சாதியையும் உழைப்பையும் பார்க்கவில்லை. அதனால் நம் தெருக்களில் பாதுகாப்பு என்பது விலக்கி வைப்பதாக மாறியது. அந்த இடைவெளியை நிரப்பியது நம் வீடுகளுக்குள் இருந்த தலைமுறைத் தோழமை. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1. முதுகில் சுமந்தவர்

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. அடுத்த ஆண்டு புனேவைப் பிடித்தது. ஆங்கிலேய அரசு 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வீடுகளைச் சோதனையிடவும் ஆட்களைப் பிரித்துவைக்கவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் கிடைத்தது. 123 ஆண்டுகள் கழித்து, 2020 மார்ச்சில், நம் மாநிலங்கள் கையில் எடுத்ததும் அதே சட்டத்தைத்தான்.

அதே 1897இல் புனேவுக்கு வெளியே ஹடப்சர் பகுதியில் சாவித்திரிபாயின் வளர்ப்பு மகன் யஷ்வந்த் பிளேக் நோயாளிகளுக்காக ஒரு மருத்துவ முகாம் நடத்தினார். அப்போது சாவித்திரிபாய்க்கு வயது 66. முண்ட்வா ஊருக்கு வெளியே மகர் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்கு நோய் கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. அவர் அங்கே போனார். பையனைத் தன் முதுகில் தூக்கிக்கொண்டு முகாமுக்கு வந்தார். பையன் பிழைத்தான். அவருக்கு நோய் தொற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார்.

இந்த நிகழ்ச்சியைத் தியாகம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். இங்கே யார் யாரைச் சுமந்தார்கள் என்று பாருங்கள். 2020இன் விதியின்படி 66 வயதுப் பெண் 'ஆபத்து மிகுந்த பிரிவு'. வீட்டுக்குள் இருக்க வேண்டியவர். அவர்தான் ஊர் தொடத் தயங்கிய ஒரு பிள்ளையைத் தொட்டுத் தூக்கினார். முதியவர் என்றாலே பிறர் சுமக்க வேண்டிய பாரம் என்ற எண்ணத்துக்கு நம் வரலாற்றிலேயே இருக்கும் பதில் இது.

2. இளையோரைக் கொன்ற நோய்

பெருந்தொற்று என்றால் முதியவர்கள்தான் சாவார்கள் என்பது கொரோனா கொடுத்த பாடம். 1918ஆம் ஆண்டின் இன்ஃப்ளுயன்சா அதற்கு நேர்மாறானது. உலகம் முழுவதும் அது 20 முதல் 40 வயது வரை இருந்தவர்களைத்தான் மிகுதியாகக் கொன்றது. இந்தியாவில் இறந்தவர்கள் 1.2 கோடி முதல் 2 கோடி வரை என்று மதிப்பிடுகிறார்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். 1911க்கும் 1921க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகை வளராமல் சற்றுக் குறைந்தே போனது.

அன்று புதுக்கோட்டை தொண்டைமான் சமஸ்தானம். 1948 மார்ச் 3 அன்றுதான் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. சமஸ்தானமானாலும் சென்னை மாகாணமானாலும், உழைக்கும் வயதில் இருந்த தாயும் தகப்பனும் போய்விட்ட குடிசையில் யார் மிஞ்சியிருப்பார்கள்? பாட்டியும் பேரப்பிள்ளையும்தான். நம் குடும்பங்களில் 'அப்பாயி வளர்த்த பிள்ளை' என்று கொள்ளுத்தாத்தாவைப் பற்றிச் சொல்லக் கேட்டால், எந்த ஆண்டு என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அந்த நோயைப் பற்றி இன்னொரு கணக்கும் இருக்கிறது. பம்பாய் நகரில் சாவுகளைச் சமூகவாரியாகப் பதிவு செய்தார்கள். மூச்சு நோயால் ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்கு 8.3 பேர் இறந்தார்கள். சாதி இந்துக்களில் 18.9 பேர். 'கீழ்ச்சாதி இந்துக்கள்' என்று அந்த ஆவணம் குறிப்பிட்ட நம் மக்களில் ஆயிரத்துக்கு 61.6 பேர். ஒரே நகரம், ஒரே நோய், ஒரே மாதங்கள். சாதி இந்துக்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! நோய்க்குச் சாதி தெரியாது என்று 2020இல் பலர் எழுதினார்கள். கிருமிக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் நெருக்கமான குடியிருப்பும், பசியும், எட்டாத மருத்துவமும் சாதி பார்த்தே வாய்க்கின்றன.

இரண்டு பெருந்தொற்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். எந்த வயதை நோய் அதிகம் தாக்குகிறது என்பது காலத்துக்குக் காலம் மாறுகிறது. எந்தத் தெருவை அதிகம் தாக்குகிறது என்பது அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

3. ஒரு சொல் பிறந்த இடம்

வயதை வைத்து மனிதரை மட்டம் தட்டுவதற்கு ஆங்கிலத்தில் 'ஏஜிசம்' என்று ஒரு சொல் உண்டு. நாம் வயதுப் பாகுபாடு என்கிறோம். 1969இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அந்தச் சொல்லை உருவாக்கினார். வாஷிங்டனை ஒட்டிய செவி சேஸ் என்ற வசதியான பகுதியில் ஒரு கட்டடத்தை ஏழை முதியவர்களுக்கான குடியிருப்பாக மாற்ற முயன்றார்கள். அங்கே குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நிறவெறியும் வர்க்கமும் இருந்தன. அவற்றோடு வயது மீதான வெறுப்பும் கலந்திருந்தது என்று பட்லர் கண்டார். 'எங்கள் தெருவில் உனக்கு வீடு இல்லை' என்ற சண்டையிலிருந்து பிறந்த சொல் அது. அந்தச் சண்டை நமக்குப் புதிதல்ல.

2020 மார்ச்சில் அந்தச் சொல் மீண்டும் பேசப்பட்டது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் துணை ஆளுநர், பொருளாதாரத்தைக் காப்பாற்றத் தாத்தா பாட்டிகள் ஆபத்தை ஏற்கத் தயாராக இருப்பார்கள் என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசினார். இத்தாலியில் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் போதாத நிலையில் அனுமதிக்கு வயது வரம்பு வைக்க நேரலாம் என்று மயக்கவியல் மருத்துவர்களின் சங்கம் வழிகாட்டுதல் வெளியிட்டது. உலகில் இருவரில் ஒருவருக்கு முதியவர்கள் மீது பாகுபாடான மனப்பான்மை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச் அறிக்கையில் சொன்னது. வயதுப் பாகுபாடு இளையோரையும் தாக்குகிறது என்றும் அதே அறிக்கை சொன்னது.

அதையும் நாம் கண்ணால் பார்த்தோம். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் பரவியபோது, சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஊர் திரும்பிய நம் பிள்ளைகளை நோயைச் சுமந்து வருபவர்களாகவே பார்த்தார்கள். ஒரு பக்கம் 'கிழடு எப்படியும் போகிற உயிர்'. மறுபக்கம் 'இந்தப் பயல்கள்தான் கொண்டுவந்து கொடுத்தான்கள்'. பாட்டியையும் பேரனையும் எதிரெதிரே நிறுத்திய பேச்சு அது. கூலி இல்லாமல் விட்டது யார், ஊருக்குப் போகப் பேருந்து விடாதது யார் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் காணாமல் போனது.

4. யார் முதியவர்?

65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். மருத்துவ நோக்கில் அதில் தவறில்லை. ஆனால் அந்த அறிவுரைக்குள் ஒரு வீடு இருக்கிறது. அதில் தனி அறை, குழாய்த் தண்ணீர், மாதம் தவறாத ஓய்வூதியம் எல்லாம் இருக்கின்றன. காலனியில் ஒற்றை அறைத் தொகுப்பு வீட்டில் ஆறு பேர் படுக்கிற இடத்தில் பாட்டியை எங்கே தனிமைப்படுத்துவது? நம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் அடிபட்டிருந்தது. போன கூரையை முழுதாகச் சரிசெய்வதற்குள் ஊரடங்கு வந்துவிட்ட குடும்பங்கள் உண்டு.

முதியோர் உதவித்தொகை அன்று மாதம் 1,000 ரூபாய். நூறு நாள் வேலையின் நாள் கூலி 256 ரூபாய். மாதம் முழுவதற்குமான உதவித்தொகை நான்கு நாள் கூலிக்கும் குறைவு. ஒன்றிய அரசு முதியவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தது மூன்று மாதங்களுக்கும் சேர்த்து 1,000 ரூபாய், அதுவும் இரண்டு தவணையாக. ஆகவே நம் மூத்தவர்கள் கண்மாய் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில்தான் 55 வயதைத் தாண்டியவர்களை நூறு நாள் வேலைத் தளத்தில் சேர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு தமிழ்நாட்டில் வந்தது. நோக்கம் பாதுகாப்பு என்றார்கள். கூலியை நிறுத்தினார்கள், ஆனால் அதற்கு ஈடாக ஒரு தொகையும் வைக்கவில்லை. வேலையில்லாமல் வீட்டில் இருப்பவருக்கு அது ஓய்வு ஆகுமா, பட்டினி ஆகுமா என்பதை வயது தீர்மானிப்பதில்லை. கையில் காணி இருக்கிறதா, பிள்ளைக்கு மாதச் சம்பளம் வருகிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது. நம் ஊர்களில் அது சாதியோடு சேர்ந்தே வருகிறது.

இன்னொன்று. முதியவர் என்பதை ஆண்டுக் கணக்கால் மட்டும் அளக்க முடியாது. இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது, உயர்சாதிப் பெண்களுடையதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. முதுமையை எட்டுவதே நமக்கு எளிதாக வாய்ப்பதில்லை. பத்து வயதில் நடவு வயலில் இறங்கி, இருபதில் கல் உடைத்து, ஐம்பதில் முதுகு வளைந்த ஒரு பெண்ணின் உடம்புக்கு என்ன வயது?

2021 மார்ச் 1 அன்று பொதுமக்களுக்குத் தடுப்பூசி தொடங்கியபோது 60 வயது நிரம்பியவர்களுக்கு நேரடியாகப் போட்டார்கள். 45 முதல் 59 வரை உள்ளவர்களுக்கு இணைநோய் உண்டு என்று மருத்துவர் சான்று வேண்டும் என்றார்கள். ஒரு முறைகூட இரத்த அழுத்தம் பார்க்காதவர் எங்கே போய்ச் சான்று வாங்குவார்? நோய் இருந்தது, நோயின் பெயர் எழுதிய தாள் இல்லை. பிறந்த தேதியே உத்தேசமாக எழுதப்பட்ட ஆதார் அட்டையை வைத்துக்கொண்டு, உண்மையில் அறுபதைத் தாண்டியவர்கள் ஐம்பத்தெட்டு என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். உதவித்தொகை மனுவில் பல ஆண்டுகளாக நடப்பதுதான் இது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரையையும் அழுத்தத்தையும் வாசலுக்கு வந்து பார்த்தது. அதை நாம் வரவேற்கிறோம். அது ஓராண்டு முன்னால் வந்திருந்தால் என்று நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

5. சைக்கிள் ஓட்டிய பெண்கள்

இப்போது புதுக்கோட்டைக்கே உரிய ஒரு வரலாற்றுக்கு வருகிறோம். 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தெருவிளக்கடியில் பாடம் சொன்னார்கள். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவெளியில் சைக்கிள் ஓட்டிக் காட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களே குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அந்தக் காலத்தில்தான். விவசாயக் கூலிகளும் கல் உடைக்கும் பெண்களும், கேலி பேசியவர்களின் கண்முன்னே, ஊர்ச் சாலையில் சைக்கிளில் போனார்கள். தெருவில் செருப்புப் போட்டு நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் தடையிருந்த வரலாறு உள்ள மக்களுக்கு இது வெறும் போக்குவரத்து வசதி அல்ல.

அன்றைக்கு நாட்டளவில் எழுத்தறிவு இயக்கத்தின் இலக்கு 15 முதல் 35 வயது வரைதான். அதற்கு மேல் உள்ளவர்கள் கற்று என்ன ஆகப் போகிறது என்ற எண்ணம் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. வயது வரம்பு நம் மூத்தவர்களுக்கு 2020இல் வந்த புதுச் சங்கதி இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1991இல் 27 வயதில் சைக்கிள் கற்றுக்கொண்ட பெண்ணுக்கு 2020இல் 56 வயது. கண்மாய்க் கரையில் 'உனக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போ' என்று திருப்பி அனுப்பப்பட்டவர் அவர்தான். அரிவாளும் சம்மட்டியும் பிடித்த கையில் எழுதுகோல் பிடித்துத் தன் பெயரை எழுதிய தலைமுறை அது. அதனால்தான் அடுத்த தலைமுறை பள்ளிக்குப் போனது. இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் பலர் மன்னர் கல்லூரிக்கும் மகளிர் கல்லூரிக்கும் வந்த வழியில் அந்த சைக்கிள் தடம் இருக்கிறது.

2020 ஏப்ரலில் ரேஷன் கடைகளுக்கு முன்னால் சுண்ணாம்பு வட்டம் போட்டு 'தள்ளி நில்லு' என்று சொன்னார்கள். இளையவர்களுக்கு அது கிருமிக்கான விதி. எழுபதைத் தாண்டிய நம் அப்பாயிகளுக்கு அது ஏற்கெனவே தெரிந்த சொல். டீக்கடை வாசலிலும் கிணற்றடியிலும் மிராசுதார் களத்திலும் அவர்கள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். 'முன்னாடி சாதிக்குத் தள்ளி நின்னோம், இப்ப சீக்குக்குத் தள்ளி நிக்கிறோம்' என்று எங்களிடம் ஒரு பாட்டி சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 'சமூக விலகல்' என்ற சொல்லை யோசிக்காமல் மேடைதோறும் பயன்படுத்திய எங்களுக்கு அந்தச் சிரிப்பு பெரிய பாடம்.

6. கொடுக்கல் வாங்கல்

ஊரடங்கு நாள்களில் நம் தெருக்களில் தோழமை எப்படி நடந்தது? பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேல். இணையவழி வகுப்புக்குக் கைப்பேசி வேண்டும் என்றபோது காதுத் தோட்டை அடகு வைத்தது பல வீடுகளில் பாட்டிகள்தான். அந்தக் கைப்பேசியிலேயே பேத்தி தன் பாட்டிக்குத் தடுப்பூசிக்குப் பதிவு செய்தாள். ஊசி போட்டால் செத்துப்போவோம் என்ற வதந்திக்குப் பயந்தவர்களைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். வேலையிழந்து திருப்பூரிலிருந்து வந்த மகன் சாப்பிட்டது அம்மாவின் உதவித்தொகையில் வாங்கிய பருப்பையும், அவர் அட்டைக்குக் கிடைத்த இலவச அரிசியையும்தான். யார் யாரைச் சார்ந்திருந்தார்கள்? சார்ந்திருப்பவர் என்ற பட்டியலில் அரசு எழுதியவர்தான் அடுப்பை எரியவைத்தார்.

இதை அழகாக்கிக் காட்டவும் நாங்கள் விரும்பவில்லை. கூரைக்கடியில் மருந்து வாங்கக் காசில்லாமல் கைவிடப்பட்டவர்களும் நம் தெருவில் உண்டு. தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று முதியவரைச் சாகடிக்கும் வழக்கம் பற்றிப் பேசும்போது அது வேறு யாருடைய கதையோ போலப் பேசக் கூடாது. மறுபக்கம், மூத்தவர் என்பதாலேயே பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்தி, பள்ளி மூடிய அந்த மாதங்களில் அவசரமாகக் கல்யாணம் பேசிய பெரியவர்களையும் பார்த்தோம். தோழமை என்பது பெரியவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது ஆகாது. நம் இயக்கங்களிலும் இந்தக் கோளாறு இருக்கிறது. அறுபதைத் தாண்டியவரிடமிருந்து ஒலிவாங்கியை வாங்க முடிவதில்லை. எழுபதைத் தாண்டிய பெண்ணுக்கு அதைக் கொடுத்ததே இல்லை. இளைஞர்கள் நாற்காலி போடவும் சுவரொட்டி ஒட்டவும் மட்டும் அழைக்கப்படுகிறார்கள். 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசிய அண்ணல் அம்பேத்கர், படித்தவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டதாக வருந்தினார். அந்த வருத்தத்தை இளையோரை நோக்கி மட்டும் திருப்பாமல் நம் எல்லோரையும் நோக்கித் திருப்பிக்கொள்வோம்.

பெருந்தொற்று ஓய்ந்த சில மாதங்களில், 2022 டிசம்பரில், நம் மாவட்டத்து வேங்கைவயலில் குழந்தைகளுக்கு உடல்நலம் கெட்டது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது அதன் பிறகே தெரியவந்தது. குழந்தைகளின் நோய்தான் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. விசாரிக்க வந்த ஆட்சியரிடம் மக்கள் கோயில் நுழைவுத் தடையையும் இரட்டைக் குவளையையும் சேர்த்தே சொன்னார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. பாதிக்கப்பட்ட மக்களிலிருந்தே மூன்று பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதை மக்களும் பல இயக்கங்களும் ஏற்கவில்லை. கைகளை நன்றாகக் கழுவுங்கள் என்று இரண்டு ஆண்டுகள் ஒலிபெருக்கியில் சொன்ன நாட்டில், அந்தத் தண்ணீருக்கு நேர்ந்தது இது. பேரப்பிள்ளையின் வயிற்றுவலியும் பாட்டியின் பழைய அவமானமும் ஒரே வழக்கின் இரண்டு சாட்சியங்கள்.

7. இனி செய்ய வேண்டியது

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் வீட்டிலும் தெருவிலும் உள்ள மூத்தவர்களிடம் 2020ஐயும் 2021ஐயும் பற்றிக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். எந்த நாளில் வேலை நின்றது, எதை அடகு வைத்தார்கள், யார் கஞ்சி கொடுத்தார்கள், யார் குழி தோண்டினார்கள் என்று கேளுங்கள். 1918இல் நம் கிழவிகள் என்ன செய்தார்கள் என்பதை எழுதிவைக்க நமக்கு ஆள் இல்லை. இந்த முறை எழுதத் தெரிந்த பேரப்பிள்ளைகள் இருக்கிறீர்கள்.

செயல்பாட்டாளர்களிடம் சொல்வது: முதியோர் உதவித்தொகையைக் கருணை என்று கேட்காமல் உழைத்தவரின் ஓய்வூதியம் என்று கேளுங்கள். பேரிடர்க் காலத்தில் வயதைக் காட்டி ஒருவரின் வேலையை நிறுத்தினால், அந்த நாள்களின் கூலி அவர் வீட்டுக்கு வர வேண்டும் என்ற கோரிக்கையை இப்போதே எழுப்புங்கள். அடுத்த தொற்று வந்த பிறகு கேட்டால் நேரம் இருக்காது.

முண்ட்வாவிலிருந்து ஹடப்சர் வரை 66 வயதுப் பெண் ஒரு சிறுவனைச் சுமந்து நடந்தார். புதுக்கோட்டைச் சாலையில் ஒரு பேத்தி தன் பாட்டியைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து ஊசி போடக் கூட்டிப்போனாள். அந்தப் பேத்திக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்ததும் அந்தப் பாட்டிதான்.

நாம் இழந்த மூத்தவர்களுக்கு வணக்கம். ஜெய்பீம்.